சோடாக்காரி சொன்ன பனியுகம்

"ஆன்ட்டி, யாருக்குத் தொணையா வந்தீங்க?" என்று கல்லூரி வராந்தாவில் ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கே தொணையா வந்திருக்கறன் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஞானமேரி உள்ளே போனாள்.

தொலைதூரக் கல்வியில் புவியியல் பட்டம். எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடிந்துவிட்டன. வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டாள். இன்றும் தவறினால் பதிவுக்காலம் முடிந்து ஐந்து வருடப் படிப்பும் வீண்.

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் அவளுக்கும் கணவன் சவரிக்கும் சோடாக் கடை. பாட்டில் கழுவிக்கொண்டே பாடத்தை மனப்பாடம் செய்தவள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீண்டு சுருங்க ஒரு லட்சம் வருடம், அச்சு சாய்ந்து நிமிர நாற்பத்தோராயிரம், பம்பரம் போலத் தலையாட்ட இருபத்துமூவாயிரம் என்று போன தடவை ஒப்பித்தாள். "அதனால என்னாச்சு?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனாள்.

அப்படிக் கேட்ட தீர்த்தகிரிதான் இன்றும் தேர்வாளராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேலத்திலிருந்து வந்த மணிமேகலை மேடம்.

"மறுபடியும் நீங்கதானா? நம்பரெல்லாம் வேணாங்க" என்றார் தீர்த்தகிரி. "பாதை மாறுனா வெயிலு கொஞ்சூண்டுதான் மாறும். அதுக்குப்போயி பனியுகம் எப்பிடி வருது?"

"மொத்த வெயிலு இல்லீங்க சார், எங்க, எப்ப வுழுதுங்கறதுதான். வடதுருவத்துப் பக்கம் கோடையில வெயிலு தளந்துட்டா, குளுருல பேஞ்ச பனி உருகாம நின்னுடும். வருசா வருசம் மேல மேல ஏறும். வெள்ளையா இருக்கறதால வர்ற வெயிலயும் திருப்பி அனுப்பிடும்."

"அது வடக்கே. தெக்கே என்ன பாவம் பண்ணுச்சு? அங்க ஏன் குளுருது?"

மனப்பாடம் செய்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது கடைதான். சித்திரை வெயிலில், தொட்டித் தண்ணீரில் ஐஸ் போடாமல் கேஸ் ஏற்றினால் சோடா சப்பென்றிருக்கும்.

"சார், நான் சோடா போடறவ. அத வெச்சு சொல்லட்டுங்களா?"

"பன்னீரா, ஜிஞ்சரா?" என்று சிரித்தார் தீர்த்தகிரி.

மணிமேகலை சிரிக்கவில்லை. "சொல்லுங்கம்மா."

"குளுந்த தண்ணிதாங்க கேஸப் புடிக்கும். கடல் குளுந்தா காத்துல இருக்கற கரியமில வாயுவ, அதாங்க சோடா கேஸ, இழுத்துக்கும். அது கொறைஞ்சா பூமிக்குப் போர்வை போன மாதிரி. உலகமே குளுரும். பின்னால வடக்கே கோடை வெயிலு ஏறுனா பனி உருகும், கடல் சூடாயி கேஸக் கக்கும். அதனால இன்னும் சூடு. வெயிலு தொடக்கி வுடுதுங்க, கேஸு அதப் பெருசாக்குது."

மணிமேகலை முன்னால் சாய்ந்தார். "ஆனா சூட்டுனால மட்டும் அவ்வளவு கேஸ் வராதும்மா. கணக்குப் போட்டா கொஞ்சந்தான் வருது. மிச்சம் எங்கேருந்து?"

இது கைடில் இல்லாத கேள்வி. தீர்த்தகிரி பேனா மூடியைக் கழற்றினார். ஞானமேரிக்குப் போன மாதம் ஏரியூர் திருவிழாவுக்கு லோடு அனுப்பியது நினைவுக்கு வந்தது. குளிர்ந்த விடியற்காலைதான், ஆனாலும் மேடுபள்ளத்தில் ஆட்டோ குதித்ததில், திறந்த பாட்டிலெல்லாம் பொங்கி வழிந்தது.

"குலுக்குனாலும் வருங்க மேடம்!"

"கடல யாரு குலுக்கறது?" என்றார் தீர்த்தகிரி.

"காத்துங்க சார். செத்த சின்ன உசுருங்க அடிக்கடலுக்கு எறங்கி மக்கி, அங்க கேஸு அடைஞ்சு கெடக்குது. பனியுகத்துல தென்துருவக் கடல் மேல பனி மூடிப் போட்டுடும், அடித்தண்ணி மேல வராது. பனி வெலகி, காத்து கலக்குனா அது மேல வரும். மூடியத் தெறந்து குலுக்குன சோடாதாங்க."

தீர்த்தகிரி பேனாவை மூடி வைத்தார்.

"இதுக்கு நான் போர்டு நெறைய படம் போட்டுட்டு இருந்தேன்" என்றார் மணிமேகலை மெதுவாக.

"போன தடவையே சோடாவச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் தீர்த்தகிரி.

"வாய் நெறைய நம்பர வெச்சிருந்தன் சார். சோடாவுக்கு எடமில்ல."

மணிமேகலை எழுதிய தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு.

"அந்த ஒண்ணு எங்க மேடம் போச்சு?"

"கேக்கறதப் பாரு!" என்று தீர்த்தகிரி வாய்விட்டுச் சிரித்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஃபோனை எடுத்தாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தில் சவரிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"யாருங்க பேசறது?" என்று கத்தினார்.

"ஞானமேரி, பி.எஸ்சி.!" என்று இவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.