பக்கம் திருப்ப வந்தவர்

பெண்டாட்டி பியானோ வாசித்துக் கேட்டு இரண்டு வருஷமாகிறது என்று ஒரு மனிதர் சொன்னால் யாராவது நம்புவார்களா? அதுவும் அவள் பல்கலைக்கழகத்தில் பியானோ வாசிப்பதையே பட்டப்படிப்பாகப் படித்துக்கொண்டிருக்கும்போது? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதைச் சொன்னபோதெல்லாம் வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு வராது.

காரணம் அவருடைய முகம்தான். முதல் வருஷத்துக் கச்சேரித் தேர்வுக்கு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு, பாதி வயதுப் பிள்ளைகளோடு படிக்கப் போன மனைவி மேடையில் இருக்கிறாள். பெருமை ஒரு பக்கம் இருந்தாலும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவர் மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பாட்டெழுதிய நோட்ஸ் தாளைப் பார்க்காமல், மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தவள் நடுவில் ஒரு தரம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்தாள். விரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள், அதே இடத்தில் மறுபடி நின்றது. எழுந்து போய்விட்டாள்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்ல," என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். "ஆனா நீங்க பார்த்துக்கிட்டு இருந்தா என்னால வாசிக்க முடியாது. என் கவலையெல்லாம் உங்க மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு."

முகத்தைக் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்? அதனால் ஆளே போவதில்லை என்று ஆனது. தேர்வு நாட்களில் அரங்கத்துக்கு வெளியே, இரண்டு கதவுகள் தள்ளி, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வீட்டிலோ எலக்ட்ரிக் பியானோ, காதில் ஹெட்ஃபோன். பாட்டு முழுக்க அவள் காதுக்குள்ளே போய்விடும். சுவருக்கு இந்தப் பக்கம் இவருக்குக் கிடைப்பது கட்டைகள் அமுங்கும் டொக் டொக் சத்தம் மட்டும். கல்யாண வீட்டுக்குப் போய் இலைபோடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்த கதைதான். ஆனாலும் மனிதர் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தன்னால் அவளுக்கு ஒன்று கெட்டுப்போயிற்று, தான் தள்ளியிருந்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

இப்போது வந்திருப்பது கடைசி வருஷத்துக் கச்சேரி. இதில் தேறினால்தான் பட்டம். மறதி பயம் இன்னும் போகாததால், நோட்ஸைப் பார்த்தே வாசிக்கலாம் என்று பேராசிரியை அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது தாளைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். அதற்கு வகுப்புத்தோழி ஒருத்தி, எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடும் பெண், ஒத்திகையெல்லாம் பார்த்துத் தயாராக இருந்தாள். அன்று காலையில் போன் செய்தாள்.

"அக்கா, காய்ச்சல் கொளுத்துது. எழுந்து நிக்கவே முடியல. மாமாகிட்டயும் சாரி சொல்லுங்க."

வகுப்புக்கே அவள் அக்கா. அதனால் இவர் வகுப்புக்கே மாமா. வேறு யாரைக் கேட்பது? மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தேர்வில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியையோ தேர்வு நடத்துகிறவர். அரங்கத்தின் பின்பக்கப் படிக்கட்டில் நோட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேணா திருப்பட்டா?" என்றார்.

"உங்களுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதே."

"தெரியாதுதான். நீ தலையை ஆட்டு, நான் திருப்பறேன். கல்யாணமான நாள்ல இருந்து உன் தலையாட்டலுக்குத்தானே நம்ம வீட்டுல எல்லாம் நடக்குது?"

அவள் சிரிக்கவில்லை. சிக்கல் நோட்ஸில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு கதவுக்கு அப்பால் வைத்திருந்த மனிதரை இப்போது தோளோடு தோளாக உட்கார வைக்க வேண்டும்.

"என்னைப் பார்க்கக் கூடாது," என்றாள் கடைசியில்.

"தாளைத் தவிர எதையும் பார்க்கமாட்டேன். சத்தியமா."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஒத்திகையில் இறங்கினார்கள். இடது பக்கம் உட்கார வேண்டும். முன்கூட்டியே சத்தமில்லாமல் எழுந்து, இடது கையால் தாளின் மேல்மூலையைப் பிடிக்க வேண்டும். அவளுடைய பார்வையை மறைக்கக் கூடாது, தாள் சரசரக்கக் கூடாது. கண்ணாடிச் சட்டத்தின் குண்டூசித்தலை அளவுத் திருகாணிகளோடு குடும்பம் நடத்தும் விரல்களுக்கு அது பெரிய வேலையாக இல்லை. அவளும் விறைப்பாக உட்கார்ந்து, பக்கத்துக்கு ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினாள். இவரும் திருப்பினார். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றுகூட இவருக்குத் தோன்றியது.

மேடையில் முதல் பக்கம் சரியாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில்தான் யாருமே நினைத்துப் பார்க்காதது நடந்தது. அவள் பாட்டுக்குள் போய்விட்டாள். ஒத்திகையில் விறைத்துக்கொண்டிருந்த கழுத்து இளகி, தலை தன்பாட்டுக்கு அசைய ஆரம்பித்தது. அவளுக்கே அது தெரியாது. இவர் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாலும், ஓரக்கண்ணில் ஒரு தலையாட்டல் விழுந்தது. உடனே எழுந்து திருப்பிவிட்டார். பாதிப் பக்கம் அவள் வாசிக்காமலே மறைந்துபோனது.

தலை மறுபடி ஆடியது. இன்னொரு தரமும் ஆடியது.

அப்போதுதான் தப்பு அவருக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் வெளியே நின்ற மனிதன் உள்ளே வந்த அன்றைக்கேவா குடியைக் கெடுக்க வேண்டும்? பக்கத்தைத் திரும்ப வைக்கலாமா, வைத்தால் அது இன்னும் குழப்புமா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் மட்டும் நிற்கவில்லை. கண்ணெதிரே இல்லாத வரிகளை எங்கிருந்தோ எடுத்து வாசித்துக்கொண்டே போனாள்.

தலையை நம்பிப் பயனில்லை, தாளோ இவருக்குப் பேசாது. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணை இறுக மூடினார். மூடியதும், பாட்டுக்கு அடியில், கட்டைகள் அமுங்கும் சத்தம் கேட்டது. டொக் டொக். அட, இது நம் வீட்டுச் சத்தமல்லவா? சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மாதக்கணக்காகக் கேட்டது. வீட்டில் அவளுக்குத் தாள் திருப்ப ஆளில்லை. பக்கம் முடிகிற இடத்திலெல்லாம் டொக் டொக் சட்டென்று நிற்கும், தாள் புரளும், மறுபடி தொடங்கும். அந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் இவருக்கு வீட்டு மாடிப்படி மாதிரி பழக்கம். இருட்டிலும் கால் தவறாது. ஏற்கெனவே திருப்பிவிட்ட பக்கத்தின் நிறுத்தத்தைப் போகவிட்டு, அடுத்த நிறுத்தம் வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். சரியாக இருந்தது. அடுத்ததும் சரியாக இருந்தது. கடைசிப் பக்கம்வரை மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே ஓடினார்.

கைதட்டல் எழுந்தது. தாள் திருப்புகிறவர் எழுந்து வணங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பேராசிரியை நடைபாதைக்கு வந்து, "நல்லாவே தேறிட்டம்மா," என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, இவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

அவள் இவர் பக்கம் திரும்பினாள். அடிக்க வருகிறாளோ என்று பார்த்தார். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

"எப்படி இருந்துச்சு?"

படிக்க ஆரம்பித்த பிறகு அவள் இவரிடம் இதைக் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பாள், இவர்தான் முழுசாக ஒரு பாட்டைக் கேட்டதே இல்லையே. நல்லா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலையே," என்றார் பாவமாக. "டொக் டொக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓடினேனா, பாட்டு காதுலயே ஏறல. இவ்வளவு கிட்ட உக்காந்தும் நான் கேக்கலம்மா."

அவள் இவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பயிற்சி அறை, ஒரு பியானோவும் ஒரு நாற்காலியும் வைத்தால் நிரம்பிவிடுகிற அளவு. இவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நோட்ஸ் எடுக்கலையா?"

"எடுத்தா திருப்ப ஆள் வேணுமே. நல்ல ஆளா கிடைக்கமாட்டேங்குது."

"சரி சரி. நான் எங்க பார்க்கட்டும்? சுவரையா?"

"என்னைப் பாருங்க."

அவள் வாசித்தாள். இவர் பார்த்தார். முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அதே பழைய முகமாகத்தான் இருந்திருக்கும், வேறு முகத்துக்கு எங்கே போவது? ஆனால் இந்தத் தடவை பாட்டு காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இதுவா இருந்தது என்று நெஞ்சு விம்மியது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் திரும்பி இவரைப் பார்த்தாள்.

விரல் நின்றது.

நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விடலாமா என்று இவருடைய கால் பரபரத்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. இவருடைய முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை சாவகாசமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மறந்துபோச்சுங்க," என்றாள். "கொஞ்சம் முன்னாடி இருந்து வாசிக்கட்டா?"

"வாசிம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."