தூக்கிவிட்ட கூரைகள்

எங்கள் தெருவில் இருக்கிற தகரக் கூரைகளை எல்லாம் தூக்கிவிட்டவர் என் வீட்டுக்காரர்தான். போன கோடையில் எதிர்வீட்டுத் தையல்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் எதுவும் இல்லாமலே உடம்பு கொதித்து வலிப்பு வந்தது. நாள் முழுக்கத் தகரத்துக்கு அடியில் கிடந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, "வீட்டைக் குளிர்ச்சியா வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார்கள்.

இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கூரையைப் பிடித்திருந்த கொக்கி போல்ட்டுகளைக் கழற்றி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கட்டைகளைச் செருகி, கம்பியால் கட்டிவிட்டு வந்தார். அடைந்து கிடந்த சூடு அந்தச் சந்து வழியாக வெளியே போனது. பிள்ளை நன்றாகத் தூங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா? "மேஸ்திரி, எங்க வீட்டுக்கும்" என்று தெருவே எங்கள் வாசலில் வந்து நின்றது. யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். எனக்கு மட்டும் நன்றாகச் சொல்வார்.

இந்த வருஷ வெயில் போன வருஷத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இருட்டிய பிறகும் சுவர் சுட்டது. மீன் பிடிக்கப் போய்விட்டு வெறுங்கையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "கடல்ல கைய வச்சா குளிக்கக் காய வச்ச தண்ணி மாதிரி இருக்கு. மீனெல்லாம் சூடு தாங்காம எங்கயோ அடியில போயிடுச்சு" என்றார். சில நாளில் புயல் என்றார்கள். சின்னதுதான், வேறு பக்கம் போய்விடும் என்றார்கள். மறுநாள் காலையில் ரேடியோவைப் போட்டால் வேறு கதை. கடலின் சூட்டைக் குடித்துக் குடித்து ஒரே ராத்திரியில் அது பெருத்துவிட்டதாம். நேராக எங்கள் கரைக்குத்தான் வருகிறதாம். இருட்டுவதற்குள் காற்று தொடங்கிவிடுமாம்.

பள்ளிக்கூடத்தில் கரையோரத்து ஆட்களுக்கே இடம் போதவில்லை. எங்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். எல்லாக் கூரையும் வெறும் கம்பிக் கட்டின் பிடியில்தான் நின்றது. அந்தச் சந்துக்குள் காற்று புகுந்தால் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கும். பறக்கிற தகரம் யார் கழுத்து என்று பார்க்காது.

"அவங்கவங்க வீட்டை அவங்கவங்க பாத்துக்கட்டும். இந்த வெயில்ல தகரத்து மேல ஏறினா என்ன ஆகும்னு தெரியுமா? பிரஷர் மாத்திரை போடுற உடம்பு" என்றேன்.

"நான் தூக்கினது. நான்தான் இறக்கணும்."

"ஆமா, ஊரே உங்களைத்தான் நம்பியிருக்கு."

"ஊரு இல்ல, தெரு மட்டும்தான்" என்று சிரித்தார். சிரித்தால் எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சிரிப்பார்.

நனைத்த சாக்கை இரண்டு காலிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறினார். கம்பியை வெட்டி, கட்டையை உருவி, தகரத்தைச் சுவரில் உட்கார வைத்து, போல்ட்டை முறுக்க வேண்டும். தெரு ஆண்கள் சிலர் நாங்களும் வருகிறோம் என்று வீராப்பாக ஏறி, கால் சுட்டதும் இறங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புயலுக்கு முந்தைய அந்த வெயிலைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இறங்கியதும் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "புயல் சாப்பிட்டுட்டா வரும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டில் ஏணியைச் சாத்தினார்.

கடைசியாகத் தையல்காரி வீடு. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணா, இதை மட்டும் மூடாதீங்க. பிள்ளை உடம்பு இப்பவே எப்படிச் சுடுதுன்னு தொட்டுப் பாருங்க."

"மூடலைன்னா ராத்திரி கூரையே இருக்காதும்மா."

"புயல் வருதோ வரலையோ. வெயில் வந்துடுச்சே அண்ணா."

அவள் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி. அவள் பிடித்த பிடியில் அப்படியே நிற்கட்டும், இவர் வந்து நிழலில் உட்காரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கூரை பறந்தால் முதலில் போவது இந்தப் பிள்ளைதான். நான்தான் கையை நீட்டினேன்.

"பிள்ளையை என்கிட்ட கொடு. காத்து வர்ற வரைக்கும் தண்ணிக்குள்ளயே வச்சுக்கறேன். காத்து வந்துட்டா சூடு தானா இறங்கிடும். நீ ஏணியைப் பிடி."

அவள் அரை மனசாகக் கொடுத்தாள்.

எங்கள் வாசலில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிப் பிள்ளையை உட்கார வைத்தேன். ஈரத் துணியால் தலையைப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு ஆறியது. தண்ணீரை அடித்து விளையாட ஆரம்பித்தது. எதிரே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் முதல் காற்று வந்தது. தெருவில் கிடந்த தாள்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின.

"போதும், இறங்குங்க!" என்று கத்தினேன்.

"இன்னும் ஒண்ணுதான்."

காலையிலிருந்து பிழிந்தால் சொட்டுகிற மாதிரி இருந்த அவர் சட்டை காய்ந்து போயிருந்தது. காற்றில் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது எனக்கு. வேர்ப்பதே நின்றுபோயிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசிப் போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கினார். ஏணியைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்தார்.

"சாப்பாடு கட்டிட்டியா? பஸ் வந்துடும்."

அவர் பஸ் ஏறி வேலைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தையல்காரியின் கையில் திணித்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். தகரத்தைத் தொட்ட மாதிரி சுட்டது. சுவரோரமாகச் சரிந்தார். தெரு ஆண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், கரைப்பக்கம் அதற்குள் மரம் விழுந்து பாதை அடைபட்டுக் கிடக்கிறது, காற்று நின்றதும் வருகிறோம் என்றார்கள். அவர் என்னை எதற்கோ திட்டுகிற மாதிரி வாயை அசைத்தார். மழையின் முதல் துளி விழுவதற்கு முன்பே போய்விட்டார்.

புயல் வந்தது. ராத்திரி முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து தகரம் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு கோபத்தையும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. விடியும்வரை அழுதேன்.

காற்று நின்றதும் ஒரு அதிகாரி வந்தார். "சுத்து வட்டாரத்துல கூரை நிக்கிறது இங்க மட்டும்தான். புயல்ல இந்தத் தெருவுல உயிர்ச்சேதம் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். "எழுதிக்கோங்க சார்" என்றேன். வெயிலில் போன உயிரைப் பற்றி அந்த ஆளிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மறுநாளே வெயில் திரும்பிவிட்டது. புயலா, எப்போது என்று கேட்கிற மாதிரி வானம் வெளுத்துக் கிடந்தது. தையல்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகம் சிவந்து கிடந்தது. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. கூரையை மறுபடி தூக்கிவிடச் சொல்லி எப்படிக் கேட்பாள்?

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே அவருடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"வேண்டாம்க்கா" என்று அழுதாள்.

"ஏணியைப் பிடிடி" என்றேன்.

அவர் கடைசியாக முறுக்கிய போல்ட்தான் ஏணிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத்தான் நான் முதலில் கழற்ற வேண்டியிருந்தது. அசைந்து கொடுக்கவில்லை. வேர்வை நின்று, நினைவு தடுமாறிப் போன நேரத்திலும் அவ்வளவு இறுக்கியிருந்தார். கீழே பிள்ளை சிணுங்கியது. நான் இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு, அவர் முறுக்கியதற்கு எதிர்ப்பக்கமாகத் திருகினேன்.