சூரியனுக்கு முதுகு காட்டிய டிஷ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பிற்பகல், என் மேசைக்கு மேலே சுவரில் உள்ளங்கையளவு வெளிச்சம் ஊர்ந்தது. எதிர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வந்தது. பழைய டிவி டிஷ் ஒன்றில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி அங்கே வெயிலிலேயே சமைக்கிறார்கள் என்று கேள்வி. அலமாரியைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி அந்த வெளிச்சம் என் பக்கம் வந்தபோது நான் நாற்காலியோடு நகர்ந்துகொண்டேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போடவில்லை.

மற்றதெல்லாம் கற்பனை. எதிர் வீட்டாரோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அவன் ஒளியைச் சமைத்தான், ஒளி அவனை—’

வேண்டாம். இதை என் மனைவிகூடப் படிக்கமாட்டாள்.

இரண்டாவது: வெல்டருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்ற கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இனி வெல்டிங் பக்கமே போகக் கூடாது, பளிச்சென்ற எதையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார்.

இதுவே இருக்கட்டும்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அப்படிப்பட்ட மனிதர் போயும் போயும் கண்ணாடி டிஷ்ஷா செய்வார்? அவர் மனைவியும் இதைத்தான் கேட்டாள். “வெளிச்சத்தப் பாக்காமலே வேல செய்யறதுதான்டி என் பொழப்பே” என்றார் அவர். கதவைச் சாத்தி, நிழலில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவியே ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். சும்மா உட்காரத் தெரியாத கை. நான் நம்பிவிட்டேன்.]

3

டிஷ்ஷை மாடிக்குத் தூக்கிப்போனவள் அவள்தான். சமைப்பவளும் அவள்தான். எப்படி என்று அவர் கீழே இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார்.

“நடுவுல ஒரு போல்ட் நிக்குதுல்ல, அதோட நிழல மட்டும் பாரு. நிழல் காணாமப் போச்சுன்னா டிஷ் நேரா சூரியனப் பாக்குதுன்னு அர்த்தம். நீ சூரியனையும் பாக்க வேணாம், கண்ணாடியையும் பாக்க வேணாம்.”

“வேல முடிஞ்சதும்?”

“சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பி வெச்சிடு. மேல ஒரு உற தெச்சு மாட்டு.”

“எனக்கு என்னமோ பயமாவே இருக்குங்க.”

“பயம் இருக்கட்டும். அப்பதான் ஒழுங்கா மூடுவ.”

அவள் சட்டை தைக்கும் ஆலையில் காலர் தைப்பவள். மிச்சத் துணியில் கறுப்பாக, சுற்றிலும் நாடா வைத்து, கனமாக ஓர் உறை தைத்தாள். முதல் நாள் சோறு பொங்கி மூடியைத் தள்ளியபோது கீழே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அதன் பிறகு தினமும் காலையில் சமைப்பாள், திருப்புவாள், மூடுவாள், வேலைக்குப் போவாள்.

4

இன்று உறையெல்லாம் பறவை எச்சம். துவைத்து மாடிக் கயிற்றில் காயப்போட்டாள். டிஷ்ஷை வழக்கம்போலச் சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பினாள். அப்போது அது கயிற்றைப் பார்த்து நின்றது.

“என்னங்க, உற காஞ்சதும் எடுத்து டிஷ் மேல மாட்டிடுங்க.”

“சரி சரி, கிளம்பு. பஸ்ஸ விட்டுடப் போற.”

5

ஆலையில் பிற்பகல் வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து அவள் தைத்துக்கொண்டிருந்த காலர்மேல் விழுந்தது. தினமும் விழுவதுதான். இன்று அவள் கால் மெஷினை நிறுத்திவிட்டது.

காலையில் சூரியன் கிழக்கே இருந்தது. டிஷ்ஷை மேற்கே திருப்பினாள். இப்போது சூரியன் எங்கே?

[இத்தனை நாளும் இதே தவற்றைத்தான் செய்தாள். அவர் சொன்னதும் அதைத்தானே. உறை இருந்ததால் தெரியவில்லை.]

சூப்பர்வைசரிடம் ஓடினாள். “அக்கா, உடனே ஒரு ஃபோன் பண்ணணும்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“சூரியன் இந்தப் பக்கம் வந்துடுச்சுக்கா.”

“தினமும்தான் வருது. போய் உக்காரு.”

அவள் உட்காரவில்லை. வாசலில் ஃபோன்கள் வைக்கும் பெட்டியிலிருந்து தன்னுடையதைப் பிடுங்கி அழைத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஃபோனைக் கீழேயே வைத்துவிட்டுத்தான் மாடியேறுவார். ஏறச் சொன்னவளே அவள்தான். அவளுக்கு மறுபடி மறுபடி அழைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எனக்கும்தான்.

6

முடிவு ஒன்று: மேகம் வந்து மறைக்கிறது. எனக்கு வசதிப்படும்போதெல்லாம் மேகம் வந்தால் நீங்கள் புத்தகத்தை என் மூஞ்சியில் எறிவீர்கள்.

முடிவு இரண்டு: அவர் அசந்து தூங்கிவிட்டார். மனைவி சொன்ன வேலை பாக்கி இருக்கும்போது தூங்குகிறவரா அவர்? நான்தான் அவரைச் சும்மா இருக்கத் தெரியாதவராகப் படைத்துத் தொலைத்தேனே.

முடிவு மூன்று: டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடியேறுகிறார். அந்தக் கண்ணாடி இந்த வெளிச்சத்துக்கு எந்த மூலைக்கு? கயிறு டிஷ்ஷுக்கு நேர் எதிரே. உறை லேசாகப் புகைகிறது. தீய்ந்த வாசனை வந்ததும் அவர் வேகமாகப் போகிறார். உறையை உருவிக்கொண்டு, டிஷ் பக்கம் திரும்பி—

இல்லை. எழுதமாட்டேன்.

7

பேனாவை வைத்துவிட்டால் அவர் படியிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். வைத்தும்விட்டேன்.

ஆனால் என் சுவரில் வெளிச்சம் மறுபடியும் வந்திருக்கிறது. இன்று இன்னும் பளிச்சென்று. எதிர் வீட்டில் யாரோ மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்த வெளிச்சம் அங்கேதான் நிற்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இங்கிருந்தே கத்தப்போகிறேன். காதில் விழுமா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அப்படியில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது, எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, எல்லாம். கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை முந்திக்கொண்டு ஏறுங்கள். முன்பக்கம் போகாதீர்கள். பின்னாலிருந்து போர்த்துங்கள்.

செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. ஏறுங்கள்.