ஆறாவது ஸ்பிரிங்

தையல் மெஷின் ரிப்பேர்காரர் கடையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஸ்பிரிங்குக்கு வராது. அதனால் தங்கை, "கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டணும், ஒரு கைப்பிடி செஞ்சு குடு அண்ணா" என்று கேட்டபோது அவர் மறுபேச்சே பேசவில்லை.

விமான நிலையத்தில் பதினெட்டு வருடம் போர்டிங் பாஸ் கொடுத்தவள் அவள். "ஊரையே ஏத்தி அனுப்பினேன், எனக்கு மட்டும் ஒருத்தனும் ஸ்டியரிங்கைத் தரலை" என்பாள், என்னவோ கேட்டு வாங்க மறந்துபோனவள் மாதிரி. கணவரை இழந்தவள். ஒரே மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நரம்பு நோய் வந்து வேலையை விட்டதும் அண்ணன் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தாள். முதலில் கை, அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு என்று டாக்டர் வரிசை சொல்லியிருந்தார். இடக்கை ஏற்கெனவே போய்விட்டது. இனி வலக்கைதான்.

பழைய டிரில் மெஷினின் பிடியை அறுத்துக் கைப்பிடி செய்தார். அசைவை அளக்க முதலில் ரேடியோவின் வால்யூம் குமிழைக் கழற்றி வைத்தார். விமானம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன்போலத் தள்ளாடியது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு காந்தமும் சென்சாரும் வைத்ததும் ஒழுங்குக்கு வந்தது. கைப்பிடியை நடுவில் நிறுத்த, தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஸ்பிரிங்கைப் போட்டார். நல்ல முரட்டு ஸ்பிரிங். முதல் மாதம் அதை அவள் அநாயாசமாக இழுத்தாள்.

இரண்டாம் மாதம் ஒருநாள் விமானம் ஓடுபாதையைத் தாண்டி வயலில் போய் விழுந்தது. "கனமா இருக்கு அண்ணா" என்றவள் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மறுநாள் பிசியோ பெண் வந்து அவளை நடக்க வைத்த அரைமணி நேரத்தில், முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லியதைப் போட்டார். மாலையில் விமானம் பூப்போல இறங்கியது.

"பாத்தியா! கை திரும்புது!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாள் லேசில் வரவில்லை. மூன்றாவது ஸ்பிரிங், நான்காவது, ஐந்தாவது என்று மெலிந்துகொண்டே போனது. கம்ப்யூட்டரிலும் பாதி இழுத்தாலே முழுசாக இழுத்ததாக மாற்றி வைத்தார். டம்ளர் கைநழுவினால் அவள் மாத்திரையின் மேல் பழி போட்டாள். கை நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் அண்ணன் செய்த கைப்பிடி சாட்சி இருக்கிறதே!

அப்போதுதான் மகன் கப்பலிலிருந்து பேசினான். ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடட்டுமா, இல்லை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கவா என்று கேட்டான்.

"நீட்டிச்சுக்கோடா. எனக்கு நல்லாயிட்டு வருது. வேணும்னா உன் மாமாவைக் கேளு."

போன் அவர் கைக்கு வந்தது. "ஆமாப்பா, பரவாயில்ல" என்றார் மாமா. சொல்லிவிட்டு போனைத் தங்கை காதிலேயே திரும்ப வைத்தார்.

அதன்பிறகு நான்கு மாதம் ஆயிற்று. ஆறாவது ஸ்பிரிங் போட்டாயிற்று. அது நூலின் இறுக்கத்துக்கு வைக்கிற ஸ்பிரிங், ஊதினால் அசையும். மருத்துவமனையில் பிடியின் பலத்தை அளக்கும் கருவியை டாக்டர் அவள் கையில் வைத்தார். முள் எழுந்திருக்கவே இல்லை.

"உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு. வீட்ல நான் பிளேனே ஓட்டறேன், கேளுங்க அண்ணனை" என்றாள். பேச்சு லேசாகக் குழறியது. டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செருப்பைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மொதல் ஸ்பிரிங்கைப் போடு."

"வேணாம் குட்டி."

"போடு."

போட்டார். கம்ப்யூட்டரையும் பழையபடி மாற்றினார். அவள் விரல்களைப் பிடியில் வைத்து இழுத்தாள். உதடு கடித்து இழுத்தாள். கைப்பிடி அசையவில்லை. திரையில் விமானம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"கை போனா போகட்டும். எம்புள்ளைய வராதேன்னு சொல்ல வெச்சுட்டியே" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவளைத் தேற்ற வேண்டிய மனிதர் அவர். கொஞ்ச நேரம் பொறுத்து அவள்தான், "அழுதது போதும், அவனைக் கூப்பிடு" என்றாள்.

கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்துக்குப் பத்தொன்பது நாள். மகன் வந்து வீட்டு வாசலில் நின்றது இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம். அதற்குள் அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே மண்டி போட்டான். அவள் கண் அவன் தலைமுடிக்குப் போனது. கை போகவில்லை. போர்வைமேல் ஒரு விரல் மட்டும் துடித்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்து, விழாமல் தானே பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் போன்ல பேசினப்போ இந்தக் கை எப்படி இருந்துச்சு?"

அந்தக் கையின் பலம் வாரத்துக்கு வாரம் எவ்வளவு என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

"அப்ப வந்திருந்தா உன் தலையை நல்லாக் கோதி விட்டிருப்பாப்பா" என்றார். "கை தேறுதுன்னு அவளை நம்ப வெச்சது நான். உன்னை வரவிடாமப் பண்ணதும் நான்தான்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முடிக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான்.