ஓட்டத்துணைக்கு வந்த சீனி

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் ஒரே கைபேசியின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். நிறம், உயரம், குணம், பூர்வீகம், கண்ணின் அழகு என்று ஒன்றையும் விடவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில்கூட இத்தனை அலசல் நடந்திருக்காது. ஆனால் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நாயை.

நாய் தேவைப்பட்டது கேக் அக்காவுக்கு. பேக்கரியில் கேக்குகளின் தலையில் கிரீம் பூ வைப்பது அவள் வேலை. அதனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. நாள் முழுக்கக் குனிந்து நின்று முதுகு பிடித்துக்கொண்டபோது, நடந்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். நடை ஓட்டமாகி, ஓட்டம் பைத்தியமாகி, இப்போது முழு மாரத்தானுக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

பயிற்சிக்கு ஏற்ற நீளமான சாலை ஏரிக்கரையில்தான் இருந்தது. அங்கே இருட்டுகிற நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அவள் பின்னாலேயே மெதுவாக வர ஆரம்பித்தான். ஒன்றும் பேச மாட்டான், தாண்டியும் போக மாட்டான். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு, ஓடும்போது காலைவிட நெஞ்சுதான் அதிகம் அடித்துக்கொண்டது. விடியற்காலையில் ஓடலாமென்றால் பேக்கரி அடுப்பு அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிடும். ஓட்டத்தை விடவும் மனம் இல்லை. கூட ஓடி வர ஒரு நாய் இருந்தால் எவனும் கிட்ட வர மாட்டான் என்று முடிவு செய்தாள். அதில் தப்பே இல்லை. தப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"காப்பகத்துல நல்ல நாய்ங்க இருக்கு. குட்டை முடி, ஒல்லி உடம்பு. இந்த வெயில்லயே பொறந்து வளர்ந்ததுங்க," என்றார் அவள் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பிறர் செய்யும் தவறுக்கெல்லாம் பிரேக் போட்டே பழகியவர்.

"தெருநாயை இழுத்துட்டு ஓடினா குரூப் போட்டோல எப்படி இருக்கும்? நீங்க சும்மா இருங்க."

அவள் பார்த்தது கேப்டனை. ஓட்டக்குழுவின் தலைவர். குழுவில் அவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. கேப்டன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பனிக்காட்டில் வண்டியிழுக்கும் இனம். பஞ்சுப்பொதி போன்ற உடம்பு, நீலக் கண்.

"இதுதான் சரியான ஜாதி. பனியில நாள் பூரா வண்டி இழுக்கும். களைப்புன்னா என்னன்னே தெரியாது. மாரத்தான்லாம் இதுக்கு ஒரு விஷயமா?"

"பனியிலதானே இழுக்கும்?" என்றார் மாஸ்டர்.

"ரூம்ல ஏசி இருந்தா போதும் சார். விக்கறவரே சொல்றார்."

விற்கிறவரே சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது? ஓடுகிற ஷூ வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, பாதத்தை அளந்து, நடந்து பார்த்து வாங்கியவள் கேக் அக்கா. உயிருள்ள ஒன்றை ஒரு போட்டோவைப் பார்த்து வாங்கினாள்.

சீனி என்று பெயர் வைத்தார்கள். பேக்கரியில் தூவுகிற பொடிச்சீனி மாதிரி வெள்ளை. ஒன்றரை வயதுக்காரன், வந்த நாளிலிருந்தே அவள் முந்தானையையே சுற்றி வந்தான். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்துக்கிடப்பான். அவள் எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் உட்காருவான். ஷூ லேஸைத் தொட்டால் போதும், வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருவான். குழு அவனைப் பார்த்துச் சொக்கிப்போனது. போட்டோக்களில் அவன்தான் நடுநாயகம். மோட்டார் சைக்கிள்காரன் ஒரே ஒருநாள் பார்த்தான், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

குளிர்ந்த மாதங்கள் அப்படியே போயின. வெயில் ஏற ஏற, சீனி ஏசி அறையின் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கத் தொடங்கினான். "இவனைக் கூட்டிட்டுப் போகாதே. மூச்சைப் பாரு எப்படி வாங்கறான்னு," என்று மாஸ்டர் சொன்னார். சோம்பல், போகப் போகச் சரியாகிவிடும் என்றாள் அவள். கேப்டன் குழுவில் அடிக்கடி சொல்லும் பாடம் அது: உடம்பு ஒரு சோம்பேறி, அது சொல்வதைக் கேட்காதே, படுக்கச் சொன்னால் எழுந்து ஓடு. அந்தப் பாடத்தால்தான் அவள் ஓட்டக்காரி ஆனாள். தனக்குப் பொருந்தியது அவனுக்கும் பொருந்தும் என்று மனதார நம்பினாள்.

போட்டிக்கு முந்தைய கடைசி நெடும்பயிற்சி ஒரு பிற்பகலில் வந்தது. தார் ரோடு இன்னும் சூடு தணியாமல் இருந்தது. அவள் தொப்பி போட்டுக்கொண்டாள், தண்ணீர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டாள், சீனியின் கழுத்தில் வாரை மாட்டினாள். போகும்போது ஏரியைச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தான். திரும்பும் வழியில் ஒரு மதில்சுவரின் ஒடுங்கிய நிழலைக் கண்டதும் சடாரென்று அதில் போய்ப் படுத்துவிட்டான்.

"டேய் சீனி, இங்கயா படுக்கறது? இன்னும் கொஞ்சம்தான்டா. எழுந்திரு, என் ராஜா இல்ல!"

அவன் எழவில்லை. நாக்கு ஒரு முழம் தொங்கியது, எச்சில் பசை மாதிரி இழுபட்டது. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நக்கினான். வாரை லேசாகச் சுண்டி, கேப்டன் தன்னிடம் சொல்வதையெல்லாம் வரி மாறாமல் அவனிடம் சொன்னாள். சீனி தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, எழுந்து நின்றுவிட்டான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிக்கொண்டே அவனை வீடியோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். "பாருங்க, என் பையன் விட்டுக்குடுக்கலை!"

கொஞ்ச தூரம்தான். சீனியின் பின்னங்கால்கள் குடிகாரன் கால் மாதிரி பின்னிக்கொண்டன. வாந்தி எடுத்தான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு மாதிரி கொதித்தது உடம்பு.

பாட்டிலில் மிச்சமிருந்ததை அவன் மேல் கவிழ்த்தாள். அது அந்த அடர்ந்த ரோமத்தின் மேலேயே வழிந்து ரோட்டில் ஓடிவிட்டது. ஏரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கண்ணெதிரே அவ்வளவு தண்ணீர், ஒரு கை அள்ள வழியில்லை. ஓடும் கார்களுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். ஒரு கார் நின்றது, நாயைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொன்று நிற்கவே இல்லை. அவனைத் தூக்கப் பார்த்தாள், பாதி உடம்பு கையிலிருந்து நழுவியது. கடைசியில் கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... சீனி... ஏரிக்கரை... சீக்கிரம் வாங்க!"

மாஸ்டர் பயிற்சி வண்டியிலேயே வந்தார். தலையில் பலகை, பின்னால் சிவப்பு 'எல்' எழுத்து, உள்ளே அன்றுதான் கியர் மாற்றப் பழகிக்கொண்டிருந்த ஒரு முடிதிருத்துபவர். பாவம், அவரைப் பாதி வழியில் இறக்கிவிட நேரமில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்சீட்டுக்குத் தாவி, சீனியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

"ஜன்னலெல்லாம் இறக்குங்க சார். காத்து வரட்டும். அம்மா, நீங்க காலைப் புடிச்சுக்குங்க."

பிறருக்கு நிதானம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த மனுஷன் அன்று இரண்டு சிக்னலைத் தாண்டினார். முன்சீட்டில் விழுந்திருந்த அவளுடைய கைபேசி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. வீடியோவுக்குக் குழுவினர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கம் என்று ஒருவர், சாம்பியன் என்று ஒருவர். அவள் எட்டி அதை எடுத்து ஸ்விட்ச் ஆஃப் செய்தாள்.

"என்னை நம்பித்தானே வந்தான்," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அப்பவே சொன்னேன் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். மேஜையில் கிடத்தியதும் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி, இரண்டு பக்கமும் மின்விசிறி, முன்னங்காலில் ஊசி என்று கை ஓயாமல் வேலை செய்தாள். வெப்பமானியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்ப விழுந்தான்?"

"இப்பத்தான் டாக்டர்."

"அதுக்கு முன்னாடி எங்கயாவது நின்னானா, படுத்தானா?"

பொய் சொல்லிவிடலாமா என்று கேக் அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"ஒரு தடவை படுத்தான். நான்தான் எழுப்பினேன்."

"அப்பவே விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இந்த ரோமம் குளிரை உள்ள விடாம இருக்கறதுக்கு வளர்ந்தது. சூட்டை வெளிய விடாது. ரத்தம் கெட ஆரம்பிச்சிருச்சு. கிட்னியும் அடிபட்டிருக்கும். பாக்கலாம்."

பாக்கலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வேண்டாத தெய்வம் இல்லை. மாரத்தான் வேண்டாம், இனிமேல் ஓடவே வேண்டாம், அந்த மோட்டார் சைக்கிள்காரன் வந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும், இவன் மட்டும் பிழைத்தால் போதும் என்று உள்ளுக்குள் பேரம் பேசினாள். முடிதிருத்துபவர் போகாமல் வாசலிலேயே நின்றார். மாஸ்டர் அவள் தோளில் கை வைத்தார்.

வெகுநேரம் கழித்து சீனியின் கண் திறந்தது. அதைக் கண்டதும் அவள் விருட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

அவள் எழுந்ததை அவன் பார்த்துவிட்டான். அவள் எழுந்தால் கிளம்பப் போகிறாள் என்றுதானே அவனுக்கு அர்த்தம்? முன்னங்கால்கள் மேஜையைப் பிறாண்டின. தலை ஒரு விரற்கடை உயர்ந்தது. ஊசி குத்திய கால் நடுங்கியது. எழப் பார்த்தான்.

"வேண்டாம்டா! படுத்துக்கோ! நாம எங்கயும் போகலைடா!" என்று அலறிக்கொண்டு அவன் மேல் விழுந்தாள். அவன் வால் ஒரே ஒரு முறை அசைந்தது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை அவன் மார்பில் வைத்துக் கேட்டாள், இடம் மாற்றிக் கேட்டாள், பிறகு மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

செய்தி கேட்டு கேப்டன் வந்து சேர்ந்தபோது சீனியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். கேப்டன் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆண்கள் வேறு என்னத்தையாவது சொல்வார்களே, அப்படி ஒன்றைச் சொன்னார்.

"மனசைத் தளர விடாதீங்க. இந்த ஜாதி நமக்கு ஒத்துவரலை, அவ்வளவுதான். நானும் அந்த விக்கற ஆள்கிட்டயே இதே மாதிரி ஒரு குட்டிக்குச் சொல்லி வெச்சிருந்தேன், அதை வேண்டாம்னுடறேன். வேட்டை நாய்ல ஒரு ஜாதி இருக்கு, அம்பு மாதிரி ஓடும். உங்களுக்கும் சேர்த்தே சொல்லிடட்டுமா?"

கேக் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படும் யோக்யதை தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எந்த ஜாதின்னு அப்புறம் தேடலாம் கேப்டன். நம்ம ஊர் வெயில்ல, நம்ம வீட்டுல, நம்ம ஓட்டத்துல அந்த உயிர் நல்லா இருக்குமான்னு முதல்ல பாருங்க. இருக்காதுன்னா வாங்காதீங்க. போட்டோக்கு அழகா இருக்குன்னு ஒரு உயிரை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க."

"சரிங்க, ஆனா சீனி நல்லாத்தானே ஓடிட்டு இருந்தான்? வீடியோல பார்த்தேனே?"

"எனக்காக ஓடினான். நமக்கு முடியலேன்னா நாம முடியலேன்னு சொல்லி உட்கார்ந்துடுவோம். அவங்களுக்கு நம்ம மேல இருக்கற பாசத்துல அந்த வார்த்தை வரவே வராது. அதை அவங்களுக்காக நாமதான் சொல்லணும்." துணிக்கு மேலே கையை வைத்து அவள் விம்மினாள். "நான் சொல்லலை."