காயாத வலது கால்

சித்திரை வெயிலில் மலையடிவாரத்துச் சிலமலை ஊரின் தார்ச்சாலை இளகிக் கிடக்கும்போதும் சுந்தரம்மாளின் வலது கால் மட்டும் ஈரமாகவே இருந்தது. போடிமெட்டுக்கு மேலே மழை பெய்தால் அவள் விரலிடுக்கில் தண்ணீர் ஊறும். பனி மூடினால் பாதம் சில்லிடும். களத்தில் மிளகாய் காயப்போடுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் காலைப் பார்த்தார்கள். போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ராஜா முகம்மது, "இன்னிக்குக் காலு எப்படித்தா இருக்கு?" என்று போனில் கேட்பார்.

ஈரத்தோடு சேற்றுப்புண்ணும் இருந்தது. மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன காலத்தில் அவளுக்கும் புருஷன் முனியசாமிக்கும் சேர்த்து ஒரே ஜோடி ரப்பர் பூட்ஸ்தான். காலையில் அவன் மருந்தடிக்கப் போட்டுக்கொண்டு போவான். மத்தியானம் அந்த ஈரம் காய்வதற்குள் அவள் காயெடுக்கப் போட்டுக்கொண்டு போவாள். புண்ணும் பொதுச்சொத்தானது. கீழே போய்ப் பிழைப்போம் என்றாள் அவள். மலையை விட்டு வரமாட்டேன் என்றான் அவன். இரண்டு பேருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோபத்தில் வலது பூட்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு ஜீப்பேறி வந்துவிட்டாள். அதன் பிறகு வருஷங்கள் போயின. வா என்று அவனும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று இவளும் கேட்கவில்லை. ஒற்றை பூட்ஸை மாட்டிக்கொண்டுதான் தினமும் கிணற்றடிக்குப் போனாள். அவன் நினைப்பு வராத நாளில்லை.

வேப்பெண்ணெய், மஞ்சள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு என்று எல்லாம் போட்டுப் பார்த்தாள். நாலு நாள் அடங்கிவிட்டுப் புண் முன்னைவிடப் பெரிதாக வந்தது. கடைசியில் போடியில் தோல் டாக்டர் ரூபினாவிடம் போனாள். டாக்டர் பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து பனி எழும்பி அவர் கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க மட்டும் மருந்து போட்டா இது போகாதும்மா. மத்த பூட்ஸ் யாருகிட்ட இருக்கோ அவரும் மருந்து போடணும். புண்ணு ஆறினாலும் ரெண்டு வாரம் விடாமப் போடணும். பாதியில நிறுத்துனா மறுபடி வந்துரும்."

மலைக்கு ஆளேற்றும் ஜீப் டிரைவர் கண்ணுச்சாமியிடம் டாக்டர் கொடுத்த களிம்பில் ஒரு டியூப்பைக் கொடுத்தாள். "வெரலிடுக்கைத் தொடச்சிட்டுப் போடச் சொல்லுங்கண்ணே. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

"வேற யாரு குடுப்பா அவனுக்கு?" என்றார் கண்ணுச்சாமி.

புண் ஆறியது. தன் பேச்சை அவன் கேட்டிருக்கிறான் என்று அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனால் ஈரமும் போய்விட்டது. மேலே மழையா வெயிலா, ஒன்றும் தெரியவில்லை. ஊரில் மிளகாய் நனைந்து ஏச்சு விழுந்தது. அவளுக்கு மிளகாய் பெரிதில்லை. கால் அவனில்லாமல் நடந்தது.

ஒரு காலையில் சுண்டுவிரல் அரித்தது. தொட்டுப் பார்த்தாள், ஈரம். வெரசாக ஜீப் நிற்குமிடத்துக்கு ஓடினாள்.

"மருந்தை நிறுத்திட்டான்த்தா," என்றார் கண்ணுச்சாமி. "நல்லாத்தானடா ஆறிக்கிட்டிருக்குன்னேன். காலு ரொம்பக் காஞ்சு கெடக்குண்ணே, நடக்க முடியலங்கிறான்."

சுந்தரம்மாள் வீட்டுக்குப் போய் வலது பூட்ஸை எடுத்துக்கொண்டாள். பையில் இரண்டு டியூப் வைத்துக்கொண்டாள். ஜீப் போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது மடியிலிருந்த பூட்ஸிலிருந்து பனி எழும்பி வண்டிக்குள் நிறைந்தது. கண்ணுச்சாமி முன்கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.