எடைமேடையின் பாஸ்வேர்ட்

ஆயுத பூஜைக்குக் கடப்பாரைக்குச் சந்தனம் வைக்கலாம், லாரிக்கு மாலை போடலாம். எடைமேடை மேனேஜர் ராசாங்கம் அதோடு நிற்கவில்லை. வருஷம் முழுக்க மூச்சு விடாமல் ஓடுகிற ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று அதை அணைத்து, பொட்டு வைத்து, பொரியும் படைத்துவிட்டார். பக்தியைக் குறை சொல்ல முடியுமா? மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டபோதுதான் வினை தெரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே லினக்ஸ் போட்ட இன்னொரு கம்ப்யூட்டர், வெறும் மென்பொருளாகவே, குடித்தனம் நடத்துகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடிப்பது அந்த உள்கம்ப்யூட்டர்தான். அது எழுந்துகொண்டது, ஆனால் நெட்வொர்க் எழவில்லை. தினமும் தன் மேசையிலிருந்தே நெட்வொர்க் வழியாக அதற்குள் போய்வந்த ஆபரேட்டர் சுகன்யா மேரி, இன்று கன்சோலில், அதாவது அதன் சொந்தத் திரையில், பாஸ்வேர்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அடித்தாள். தவறு என்றது. நிதானமாக அடித்தாள். மறுபடியும் தவறு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை.

வெளியே ஆலத்தியூர் ரோடு வரை லாரிகள் நின்றன. டிரைவர்களைச் சமாளிக்க ராசாங்கம் ஓடினார்.

பெரம்பலூரிலிருந்து லியோ பிரபு பைக்கில் வந்து சேர்ந்தான். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அவன் வந்தாலே சுகன்யாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ரொம்ப நாளாக இந்த அவஸ்தை. அவனுக்கு அது தெரியவே கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். அவன் மறுத்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு ரிப்பேருக்குக் கூப்பிடுவது?

"கேப்ஸ் லாக் பாத்தீங்களா?"

"பாத்துட்டேங்க."

வேறு கீபோர்டு மாட்டினான். அப்போதும் அதே கதை.

"பாஸ்வேர்ட் எடத்துல அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாதுங்க. பேரு கேக்குது பாருங்க, அங்க பாஸ்வேர்ட அடிங்க. எது மாறி விழுதுன்னு தெரிஞ்சிடும்."

சுகன்யா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அடிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அவன் மரியாதையாகச் சுவரைப் பார்த்து நின்றான். அவள் அடித்தாள். எழுத்தெல்லாம் சரி. நடுவில், @ விழ வேண்டிய இடத்தில் மட்டும் இரட்டை மேற்கோள் குறி உட்கார்ந்திருந்தது.

"புடிச்சிட்டேங்க! அட்டுக்குப் பதிலா மேற்கோள் குறி வருது, இங்க பாருங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். திரையில் ஆங்கில எழுத்தில் அவன் முழுப்பெயர், அடுத்து அந்தப் பாழாய்ப்போன குறி, அடுத்து அவள் ஊர் ஏலாக்குறிச்சி. அவள் உள்ளங்கையால் திரையை மறைத்தாள். மறைத்து என்ன பயன்?

லியோ தொண்டையைச் செருமினான். "லினக்ஸ் போட்டவங்க கீபோர்ட இங்கிலாந்து அமைப்புல வச்சிட்டாங்க. அதுல அந்த ரெண்டும் எடம் மாறிக் கெடக்கும். நெட்வொர்க் வழியா வந்தா உங்க மேசைல உள்ள அமைப்புதான், அதான் இத்தன நாளா தெரியல. மேற்கோள் குறிய அழுத்துங்க, அட் வரும்."

அழுத்தினாள். கதவு திறந்தது. அவன் நெட்வொர்க்கை எழுப்பி, கீபோர்டு அமைப்பையும் திருத்தினான். முதல் லாரி மேடை ஏறியது.

பையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அடுத்தவங்க பாத்த பாஸ்வேர்ட வச்சிருக்கக் கூடாதுங்க. மாத்திடுங்க."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. "சரிங்க, மாத்திடறேன்."

வாசல் வரை போனவன் நின்றான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"பாஸ்வேர்ட மட்டுந்தான் சொன்னேன். ஆள மாத்திடாதீங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க வூட்டுக்கு வரட்டுங்களா?"

"வாங்க!" என்றாள் சுகன்யா. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ராசாங்கம் உள்ளே ஓடி வந்தார்.